மணல் பக்கத்துக் கேட்

ஓடிக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த அட்டை ஒவ்வோர் எட்டுக்கும் விலாவைக் குத்தியது. என்னுடைய அட்டை இல்லை. மேடத்தினுடையது. அவருடைய கைப்பையின் உள் ஜிப்பிலிருந்து அதை எடுத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

மேடம் துரத்திக்கொண்டு வர முடியாது. அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். தலை முழுக்கக் கறுப்புச் சாயம் தடவி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டைப் போர்த்தி, குளியலறை முக்காலியில் உட்கார வைத்திருந்தேன். "முப்பத்தஞ்சு நிமிஷம் அசையாதீங்க மேடம். சுவத்துல பட்டா அப்புறம் ஆசிட் ஊத்தினாலும் போகாது" என்று பயமுறுத்தியும் வைத்திருந்தேன். சாயப் பெட்டியில் போட்டிருந்தது இருபத்தைந்து நிமிடம். மிச்சம் பத்தும் எனக்காக நான் போட்டுக்கொண்டது.

மணி மூன்று இருபத்தைந்து. நான்கு மணிக்குச் சந்தின் கோடியிலிருக்கும் கேட்டைக் கழற்றிவிட்டு அங்கே சுவர் எழுப்பப் போகிறார்கள். அதற்குள் நான் கடலில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, தலை நனைய முங்கி எழுந்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். இதற்கு மேல் என் மூளையில் சதி எதுவும் இல்லை.

சந்தின் இரண்டு பக்கமும் மதில்கள். மதில்களுக்கு மேலே ஏசி இயந்திரங்கள் சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கேமரா. நேர் எதிரே, ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு உயரமான கேட். அதன் கம்பிகளுக்கு நடுவே, நீலத் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் தொங்கவிட்ட மாதிரி கடல்.

கேட்டுத் தூண் பக்கம் போய், அதிலிருந்த கருவியிடம் அட்டையை நீட்டினேன்.

சிவப்பு விளக்கு. மறுபடியும் நீட்டினேன். சிவப்பு. ஈரம் துடைக்கிற மாதிரி, அட்டையைப் புடவையில் தேய்த்துவிட்டு நீட்டினேன். சிவப்பு.

"ஏம்மா, தேச்சா பூதம் வரும்னு நெனச்சீங்களா?" கூண்டுக்குள்ளிருந்து வாட்ச்மேன் தலையை நீட்டினார். "எல்லார் அட்டையும் பன்னெண்டு மணிக்கே செத்துப்போச்சு. வீட்டுக்காரங்களுக்கே வழி கிடையாது. இனிமே அவங்க எல்லாம் சொந்த மொட்டை மாடியிலேர்ந்து கடலைப் பாத்துக்க வேண்டியதுதான்."

அவரை எல்லோரும் மீசைக்காரர் என்போம். மீசை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே எடுத்துவிடச் சொல்லிச் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் உத்தரவு போட்டார். பெயர் மட்டும் போகவில்லை. அந்தக் கூண்டிலேயே சமைத்து, அந்தக் கூண்டிலேயே தூங்கி, முதுகைக் கடலுக்கும் முகத்தைச் சந்துக்கும் காட்டி உட்கார்ந்திருப்பவர்.

"வேற வழி இல்லையா?"

"அதோ, அவர்கிட்ட கேளுங்க. பூட்டோட டாக்டர். இன்னைக்குப் பிரேதப் பரிசோதனைக்கு வந்திருக்காரு."

அப்போதுதான் பார்த்தேன். தூணுக்கு அந்தப் பக்கம், கவிழ்த்த வாளியின் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடியில் திறந்து கிடந்தது பூட்டுப் பெட்டி. வாயில் ஸ்க்ரூ. காதில் பென்சில்.

என் அண்ணன்.

மூன்று வருடம் ஆயிற்று அவனோடு பேசி. முன்தலை கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.

"தவளை" என்றான், ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

"என் பேரைச் சொல்லாதே."

"அதுவா உன் பேரு?"

சண்டை போட நேரமில்லை. ஆனால் கால் நகரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே கேட் கிடையாது. ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. கம்பத்தில் ஊர் நிர்வாகம் மாட்டிய பலகை: 'பொது வழி'. அதைத் தாண்டினால் மணல். மணலைத் தாண்டினால் அரை வட்டமாக ஒரு குட்டிக் கடல். வெளியே பாறை வரிசை அலையை வாங்கிக்கொள்ளும். உள்ளே வருகிற தண்ணீர் தட்டில் ஊற்றியது போல் அடங்கிக் கிடக்கும். தினமும் விடிகிற நேரத்தில், வேலைக்குப் போகும் முன், நான் அங்கே இருப்பேன். சின்ன வயதில் அண்ணனும் வருவான். எனக்கு இரண்டு வயது மூத்தவன். ஆனால் அவனுக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

பிறகு வீடுகள் விலை ஏறின. சங்கம் வந்தது. கேட் வந்தது. அதே பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் 'தனியார் இடம்' என்று எழுதி மாட்டிவிட்டார்கள். பலகைக்காவது செலவை மிச்சப்படுத்தினார்கள். ஊர் நிர்வாக அலுவலகத்தில் இரண்டு தடவை மனு கொடுத்தேன். பழைய வரைபடம் கிடைத்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த கடற்கரைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே வருடம் முழுக்கச் சிவப்புக் கொடி.

கேட் மாட்டும் வேலை அண்ணனுக்கு வந்தது. எடுக்காதே என்றேன். "நான் எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான்" என்றான். அதோடு சரி. அவன் எண்ணை போனில் தடுத்துவிட்டேன். அண்ணி வீட்டுக்கு வந்தபோது வெயில் அதிகம், மழை குறைவு என்பதைத் தவிர வேறு எதையும் பேச விடாமல் டீ கொடுத்து அனுப்பினேன்.

நான் கண்ணாடி துடைக்கிறவள். கடைசி வீட்டில், கடலைப் பார்த்த பத்தொன்பது ஜன்னல்கள் என் பொறுப்பு. கடல் காற்று ராத்திரியோடு ராத்திரியாக உப்பைக் கொண்டுவந்து பூசிவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் யாரோ வெளியே நின்று கண்ணாடியில் மூச்சு விட்டது போலிருக்கும். சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு ரப்பர் வைப்பர் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, மூலைகளுக்குப் பழைய பருத்தித் துணி. "கடல் பளிச்சுனு தெரியணும்" என்பார் மேடம். தெரிய ஆரம்பித்ததும், வெயிலில் சோபா வெளுத்துவிடும் என்று திரையை இழுத்துவிடுவார்.

வேலைக்காரர்கள் மணலில் கால் வைக்கக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆகவே ஏணி மேல் நின்று பார்ப்பேன். நாள் முழுக்க ஏணியில் நிற்கிறவளுக்குத் தன் உடம்பின் எடை கிலோ கிராம் வரை தெரியும். தண்ணீரில் மட்டும்தான் அந்த எடையை யாரோ கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். மூன்று வருடமாக அதை நானே சுமக்கிறேன். வீட்டில் ஒருநாள் பக்கெட்டுத் தண்ணீரில் முகத்தை அமுக்கிக் கண்ணைத் திறந்து பார்த்தேன். பச்சை பிளாஸ்டிக்கின் அடிப்பாகம் தெரிந்தது. இன்னொரு நாள், கண்ணாடி துடைத்த துணியைப் பிழிவதற்கு முன் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். உப்பு. சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லவில்லை.

"எதுக்கு அட்டை?" அண்ணன் கேட்டான். குரலைத் தணித்திருந்தான். "யாரோடது அது?"

"யாரோடதா இருந்தா உனக்கென்ன? திற."

"நீ எப்பவும் வர்ற மாதிரி வந்துட்டுப் போக வேண்டியதுதானே? இன்னைக்கு மட்டும் எதுக்குத் திருட்டு அட்டை?"

"எப்பவும் வர்ற மாதிரியா?" ரத்தம் தலைக்கு ஏறியது. "என்ன, நக்கலா? பூட்டையும் போட்டுட்டு, பூட்டு வாசல்ல உக்காந்துகிட்டுக் கிண்டல் வேற பண்றியா?"

"மெதுவாப் பேசு. காலையில கூட வந்துட்டுத்தானே போயிருக்கே. இப்ப எதுக்கு இந்த நாடகம்?"

"அண்ணா, உன் மண்டையில ஷாக் அடிச்சிருக்கா?"

"ஐயோ, மெதுவா! விசில் வர்றாரு."

வந்தார். சங்கத்துச் செயலாளர். புல்வெளியை மிதிப்பவர்களுக்காகக் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டே திரிபவர். பெற்றோர் என்ன பெயர் வைத்தார்களோ, எங்களுக்கு விசில்தான்.

"இங்க என்ன கூட்டம்?"

"மேடத்தோட தோடு மணல்ல விழுந்துடுச்சு சார். பாத்து எடுத்துட்டு வரச் சொன்னாங்க." பொய் என் வாயில் எண்ணெய் போட்ட கதவு மாதிரி திறந்தது.

"எப்ப விழுந்தது?"

"நேத்து சார்."

"நேத்து விழுந்ததை இன்னைக்கு, அதுவும் கேட் மூடினதுக்கு அப்புறம் தேடுறாங்களா? இரு, நானே கேக்கறேன்." போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார்.

மேடத்தின் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. மேடம் குளியலறையில் சாயத்தோடு கிடந்தார். இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பளிங்குத் தரை. அதில் ஒரு சொட்டுக் கறுப்புச் சாயம் விழ விடுவதற்குப் பதில் மேடம் உயிரை விடுவார். எழுந்து வரமாட்டார் என்று நம்பினேன். விசிலின் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

"எடுக்கலையே." விசில் சந்தேகமாக என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அவர் கோபத்துக்கு அங்கே இன்னும் பொருத்தமான ஆள் இருந்தான். "எல்லாம் உங்களாலதான்யா. ஆறு மாசமா காலையில மணல்ல கால்தடம் இருக்கு. கேட் பூட்டியிருக்கு, ஆனா கால்தடம் இருக்கு. வந்து வந்து பாத்துட்டு 'எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்'ங்கறீங்க. அப்ப என்ன, பேயா வாக்கிங் போகுது?"

"கேமரா ஒண்ணை இந்தப் பக்கம் திருப்பினா தெரிஞ்சிடும் சார்" என்றான் அண்ணன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"திருப்பினா கடல்ல குளிக்கிறவங்க படத்துல விழுவாங்க. அதுக்கே மூணு மீட்டிங் சண்டை. வேண்டாம்யா. சுவர்தான் சரி. சுவருக்கு சர்வீஸ் தேவையில்ல."

சொல்லி வாய் மூடவில்லை. சந்தின் மறுகோடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். செங்கல் லாரி திரும்பும்போது முதல் வீட்டு மதிலை உரசிவிட்டது. விசில் தன் விசிலை ஊதிக்கொண்டே அந்தப் பக்கம் பாய்ந்தார். மீசைக்காரரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

மூன்று முப்பத்திரண்டு.

அண்ணன் வாளியிலிருந்து எழுந்தான். என் முகத்தையே பார்த்தான். பூட்டுப் பெட்டிக்குள் எதையாவது பார்க்கிறபோது பார்க்கிற பார்வை அது.

"நிஜமாவே நீ வரலையா?"

"எங்க?"

"இங்க. காலையில. கடலுக்கு."

"பறந்தா வருவேன்?"

அவன் பெட்டியை என் பக்கம் திருப்பினான். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. பச்சை எழுத்துகள். விரலால் தள்ளிக்கொண்டே போனான். தேதி, நேரம். தேதி, நேரம். அஞ்சு நாற்பது. அஞ்சு நாற்பத்தொன்று. அஞ்சு நாற்பது. அஞ்சு முப்பத்தொன்பது. போய்க்கொண்டே இருந்தது.

"கேட் சந்துப் பக்கத்துலேர்ந்து எப்ப எப்பத் திறந்ததுன்னு இது எழுதி வைக்கும். அட்டை போட்டா வேற லிஸ்ட். இது அட்டை இல்லாமத் திறந்தது." திரையை விரலால் தட்டினான். "இது நீ இல்லையா?"

"நான் எப்படித் திறப்பேன்?"

"கையை வச்சு!" கிட்டத்தட்டக் கத்திவிட்டான். சந்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலை அமுக்கினான். "தீப்பிடிச்சா ஆளுங்க மாட்டிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு. எந்தப் பூட்டா இருந்தாலும், வெளிய போற பக்கத்துல ஒரு கம்பி அட்டை இல்லாமத் திறக்கணும். கை பட்டதும் எண்ண ஆரம்பிக்கும். நாப்பது எண்ணினதும் திறக்கும். அதை மணல் பக்கம் மாட்டணும். மாட்டினேன். சந்துப் பக்கமும் ஒண்ணு மாட்டினேன்."

"ஏன்?"

"ஏன்னா? நீயும் நானும் கடலுக்குப் போறப்ப அம்மாகிட்ட என்ன சொல்லிட்டுப் போவோம்? வெளிய போயிட்டு வர்றோம்னுதானே? நமக்கு வெளிங்கறது அந்தப் பக்கம்தான். பேப்பர்ல எந்தப் பக்கம் வெளின்னு எழுதல. நான் ரெண்டு பக்கமும் வெளின்னு வச்சுக்கிட்டேன்."

நான் கேட்டைப் பார்த்தேன். எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி கறுப்பு.

"வலது தூண்லேர்ந்து ரெண்டாவது" என்றான். "ஆட்டினா, உதைச்சா, பிடிச்சு இழுத்தா வேலை செய்யாது. அஞ்சு எண்ணுற வரைக்கும் கை அசையாம இருக்கணும். வர்றவன் எல்லாம் வந்து ரெண்டு உலுக்கு உலுக்கி, நாலு கெட்ட வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவான். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னு கடலைப் பாக்கறது யாரு? நீ ஒருத்திதான். தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி அந்த லைட் கம்பத்தைப் பிடிச்சுட்டு எவ்வளவு நேரம் நிப்பே! குளிருதுன்னு நான் கத்துவேன். நீ நகர மாட்டே. கம்பம் இருந்த அதே இடம், அதே உயரம். அளந்து வச்சேன். கோவத்துல இருந்தாலும் என்னைக்காவது ஒரு நாள் வருவே, பிடிப்பே, பாப்பே, திறந்துடும்னு நெனச்சேன்."

கேட்க நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"சொல்றதுக்கு என்ன கேடு?"

"எப்படிச் சொல்ல? போன்ல நான் பேய். உன் அண்ணிகிட்ட சொல்லி அனுப்பலாம்னா, அவ வாயில போட்டா அடுத்த பஸ்ல ஊரே வந்து வரிசையில நிக்கும். கேட்டும் போகும், என் பொழப்பும் போகும்." உதட்டைக் கடித்தான். "அப்புறம் சொல்ற அவசியமே இல்லாமப் போச்சு. கேட் மாட்டின வாரமே சர்வீஸுக்கு வந்தேன். லிஸ்ட்ல இருந்துச்சு. நாலாம் நாள், அஞ்சு நாப்பது. உன் நேரம். கண்டுபிடிச்சுட்டா என் தவளைன்னு இங்க உக்காந்து தனியா சிரிச்சேன். அப்புறம் தினமும் அதே நேரம். பேசலன்னா பரவால்ல, கடல் கிடைச்சிடுச்சுல்ல, அது போதும்னு... மூணு வருஷமா அந்த லிஸ்ட்டைப் பாத்துட்டுத்தான் நிம்மதியா இருந்தேன்."

"உன் இரும்பை நான் தொட்டதே இல்ல" என்றேன். அதற்குள் மீசைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குத் திரும்பியிருந்தார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குள் எதுவோ கிழிந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்று முப்பத்தாறு.

"இன்னும் கரண்ட் இருக்கா அதுல?"

"இன்னும் கழட்டல."

இரண்டாவது கம்பியில் இடது கையை வைத்தேன். வெயிலில் கிடந்து சுட்டது. எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. உள்ளே எங்கோ பல்லி உச்சுக் கொட்டியது போல் 'டிக்' என்றது. கம்பிகளுக்கு நடுவே மணல் வெள்ளையாக இருந்தது. அதற்கு அப்பால் தண்ணீர், யாரையும் கூப்பிடாமல், தன் பாட்டுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. பதினெட்டு. பத்தொன்பது.

"வர்றாரு" என்றான் அண்ணன்.

விசிலின் செருப்புச் சத்தம் சந்தில் நெருங்கியது. அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரே போனான். "சார், ஒரு சந்தேகம். இந்த ஒயரை வெட்டினா உங்க வீட்டு ஏசியும் போகுமான்னு பாக்கணும்."

"என் வீட்டு ஏசிக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அதான் சார் எனக்கும் புரியல. கொஞ்சம் இப்படித் திரும்பி இந்தச் சிவப்பு ஒயரைப் பாருங்க. சிவப்பா, ஆரஞ்சா?"

முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு.

"இது சிவப்புதான்யா. ஏய், அந்தப் பொம்பள இன்னும் அங்க என்ன பண்ணுது?"

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

கேட் திறந்தது. சத்தமே இல்லாமல், நல்ல மனிதர் வழி விடுவது போல் ஒதுங்கி நின்றது. நான் செருப்பை உதறிவிட்டு ஓடினேன். பின்னால் விசில் ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது. மணல் காலைப் பொரித்தது. பிறகு ஈர மணல். பிறகு கணுக்கால்.

அங்கே நின்றேன். அவ்வளவு அவசரத்திலும் நின்றேன். ஏன் என்று எனக்கே தெரியாது. மூன்று வருடம் கடலை நான் பார்த்திருந்தேன். இப்போது அது என்னைப் பார்க்கட்டும் என்று தோன்றியிருக்கலாம்.

பிறகு புடவையோடு விழுந்தேன். தண்ணீர் காதை மூடியது. விசில் அணைந்தது. மேடம், சாயம், பத்தொன்பது ஜன்னல், பஸ், மனு, எல்லாம் அணைந்தது. மல்லாந்து மிதந்தேன். யாரோ என் எடையை வாங்கிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தால் வானம் மட்டும். கன்னத்தில் ஓடியது கடலா நானா என்று பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே ருசி. முதல் முங்கல் எனக்கு. இரண்டாவதும் எனக்கு. மூன்றாவதை அண்ணனுக்காகப் போட்டேன். அவன் கேட்டில் நின்று, மூடிக்கொள்ளாதபடி அதை முதுகால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். கையை ஆட்டி வா என்றேன். தலையை ஆட்டி மாட்டேன் என்றான்.

திரும்பி வந்தபோது மூன்று ஐம்பது. விசிலுக்கு முகம் விசில் ஊதி ஊதியே சிவந்திருந்தது.

"நாளையிலேர்ந்து உனக்கு இங்க வேலை கிடையாது! இப்பவே உங்க மேடத்தைக் கூப்பிடறேன்!"

"கூப்பிடுங்க சார். ஆனா இன்னும் அஞ்சு நிமிஷத்துக்கு அவங்களால வெளிய வர முடியாது."

அவர் எதுவோ சொல்ல வாயெடுத்து, செங்கல் இறக்குகிறவர்கள் பூந்தொட்டியின் மேல் அடுக்குவதைப் பார்த்து அங்கே போய்விட்டார்.

அண்ணன் மெயின் ஸ்விட்சை அணைத்தான். பச்சை எழுத்துகள் ஒரு நொடி நின்று மறைந்தன. கீல்களிலிருந்து கேட்டை நான்கு பேர் தூக்கினார்கள். அது போன இடத்தில் கடல் முழுசாக, கோடில்லாமல் தெரிந்தது. கொத்தனார் நூல் கட்டினார். ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு நான் அங்கேயே நின்றேன். நான்கு நிமிடம். அவ்வளவு நேரம்தான் அந்த இடம் பழையபடி இருந்தது. பிறகு முதல் வரிசைச் செங்கல் கணுக்காலை மறைத்தது.

"அப்ப அது யாரு?" என்றான் அண்ணன், பையைக் கட்டிக்கொண்டே. "தினமும் அஞ்சு நாப்பதுக்கு. நீ இல்லன்னா?"

"கோவமா இருக்கியா?"

"கோவம் இல்ல. யாரோ நல்லாக் குளிச்சிருக்கான். நான் அவனுக்காக மூணு வருஷம் சந்தோஷப்பட்டிருக்கேன்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "வேனை எடுத்துட்டு வர்றேன். துண்டு இருக்கு. நனைஞ்சுட்டு நடந்து போகாதே."

போனான். மேடத்துக்குச் சொன்ன நேரம் தாண்டிவிட்டது. அட்டையை வைத்துவிட்டு, தலையை அலசிவிட்டு, என் வேலையின் கதையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி நடந்தேன்.

"ஏம்மா."

மீசைக்காரர். கூண்டை விட்டு வெளியே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அந்தக் கால்தடம் என்னோடதும்மா."

நான் நின்றேன்.

"விசில் ஐயா ஆறு மணிக்கு வாக்கிங் வருவாரு. அதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுவேன். முட்டி வரைக்கும்தான். எனக்கு நீந்தத் தெரியாது. சும்மா நிப்பேன். முன்னெல்லாம் திரும்பி வர்றப்ப துடைப்பத்தால தடத்தை அழிச்சுட்டு வருவேன். இந்த ஆறு மாசமா குனிய முடியல, இடுப்பு வலி. அதான் மாட்டிக்கிச்சு. அதான் சுவரு." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க அண்ணன் நீங்கதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியாதும்மா. இப்பத்தான் காதுல விழுந்துச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? கம்பி திறக்கும்னு?"

பின்னால் கொத்துக்கரண்டி செங்கல்லில் தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க தொட்டதே இல்லன்னு அவர்கிட்ட சொன்னீங்க" என்றார். "கேட் மாட்டின நாலாம் நாளும்மா. விடியக்காலம். நான் வேலைக்குப் புதுசு. நீங்க வந்து அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. நான்தான் எந்திரிச்சு வந்து, போம்மா, இங்கெல்லாம் நிக்கக் கூடாதுன்னு கத்தினேன். ஒரு வார்த்தை பேசாம கையை எடுத்துட்டுத் திரும்பி நடந்தீங்க."

உண்மைதான். மூன்று வருடமாக ஒருவரிடமும் சொல்லாதது. ஒரு வாட்ச்மேன் விரட்ட, திரும்பி வந்த அவமானம். சற்று முன் அண்ணனிடம் சொன்னது பொய்.

"கை எடுத்தாலும் அது எண்ணுறதை நிறுத்தாது போலிருக்கு" என்றார் மீசைக்காரர். "நீங்க பாதிச் சந்து போயிருப்பீங்க. உங்க முதுகுக்குப் பின்னால கேட் திறந்துச்சும்மா. தானா. முழுசா. நீங்க திரும்பிப் பாக்கல."

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன்." அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்குள்ள கடல் தெரிஞ்சுதும்மா."